ட்யூப் முனை அளவு லேசரில் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

வளைவுக் கோணம் எல்லாம் டிராயிங்குக்குள் நிற்கிறது, முனை மட்டும் ஒவ்வொரு பீஸிலும் வம்பு செய்கிறது. குறிச்சி சிட்கோ, மலுமிச்சம்பட்டி, அரசூர் பக்கம் ட்யூப் வளைக்கும் பட்டறை நடத்தும் நண்பர்கள் லேசர் ஸ்கேனர் பொருத்திய ஆர்ம் (மூட்டுகளுள்ள, கையால் நகர்த்தி அளக்கும் கருவி) பற்றி என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே பாதிப் பேர் மெஷினைக் காலிபரேஷனுக்கு அனுப்பும் முடிவோடு வருகிறார்கள். அவசரம் வேண்டாம். முனையில் வரும் பிழைகளில் பெரும்பகுதி மெஷினில் இல்லை.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். திரையில் "முனை" என்று காட்டும் புள்ளியை லேசர் பார்ப்பதே இல்லை. அது ட்யூபின் நடு மையம். அந்த இடத்தில் வெறும் காற்றுதான் இருக்கிறது. சாஃப்ட்வேர் என்ன செய்கிறது? கடைசி நேர்ப்பகுதியின் மேல் விழுந்த புள்ளிகளுக்கு ஓர் உருளையைப் பொருத்தி அதன் அச்சை எடுக்கிறது. வெட்டிய முகத்தில் விழுந்த புள்ளிகளுக்கு ஒரு தளத்தைப் பொருத்துகிறது. அச்சு அந்தத் தளத்தைத் துளைக்கும் இடம்தான் முனை. ஆக, பிழை உருளையில் இருக்கலாம், தளத்தில் இருக்கலாம், ட்யூபைப் பிடித்த விதத்தில் இருக்கலாம், அல்லது அளவெல்லாம் சரியாக வந்து டிராயிங்கோடு ஒப்பிட்ட முறை தவறாக இருக்கலாம். எது என்று தெரிந்துகொண்டு கை வைத்தால் வேலை பாதி.

அதற்கு ஒரு மாஸ்டர் பீஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 25.4 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர், முந்நூறு மி.மீ. நீளத்தில் ஒரு நேர் ட்யூப். இரண்டு முனையையும் லேத்தில் ஃபேசிங் எடுத்து (முகத்தைச் சமமாகக் கடைந்து), பிசிறு நீக்கி, சர்ஃபேஸ் பிளேட் என்னும் சமதளக் கல்லில் நிறுத்தி, ஹைட் கேஜ் என்னும் உயரமானியில் நீளம் பார்த்து அதன் மேலேயே எழுதிவிடுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் முதலில் இதை ஸ்கேன் செய்ய வேண்டும். மாஸ்டர் சரியாக வந்து உற்பத்தி ட்யூப் தவறாக வந்தால், ட்யூபிலோ ஸ்கேன் செய்யும் முறையிலோதான் குறை. மாஸ்டரே தவறினால் மட்டும் மெஷினைப் பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் வேறு நீளம் வருகிறது

ட்யூபை அசைக்காமல், அதே முனையை நாலைந்து தடவை ஸ்கேன் செய்து பாருங்கள். அப்போது எண்கள் ஒட்டி வந்து, கழற்றி மாட்டினால் மாறுகிறது என்றால் பிடிப்பில்தான் கோளாறு. நீளமான ட்யூபை நடுவில் ஒரு வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்கல்) வைத்து முனையை அந்தரத்தில் விட்டால், ஆர்ம் தெரியாமல் உரசினாலே போதும், அரை மில்லிமீட்டர் நகரும். அளக்கும் முனைக்கு அருகிலேயே ஒரு தாங்கல் வேண்டும். இறுக்கிப் பிடித்து ட்யூபை வளைத்துவிடவும் கூடாது. ஓடாமல் நின்றால் போதும்.

அசைக்காமலே எண் மாறினால், மேசையைக் கவனியுங்கள். ஆர்மின் அடித்தளமும் ட்யூபும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். ஆர்ம் ஸ்டாண்டில், ட்யூப் தனி மேசையில் என்றால் இரண்டும் தனித்தனியாக ஆடும். சோமனூர், பல்லடம் பக்கம் பக்கத்து செட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும், தரை முழுக்க அதிர்வு இருக்கும். கோவைக்குள் என்றால் அதே வேலையைப் பவர் பிரஸ் செய்யும். கனமான வார்ப்பிரும்பு மேசையும் அடியில் ரப்பர் பேடும் உதவும். அதுவும் போதாவிட்டால், பிரஸ் நிற்கும் நேரத்தில் ஒரு பீஸை அளந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

பிடிப்பும் மேசையும் சரி, ஆனாலும் ஆளுக்கு ஆள் எண் மாறுகிறது என்றால், ஸ்கேன் செய்யும் கோணம்தான் காரணம். ஒருவர் மேலிருந்து மட்டும் ஓட்டுவார், இன்னொருவர் சுற்றி வருவார். ஒரு பக்கமாக மட்டும் ஓட்டினால் உருளையின் கால்வாசி வட்டத்தில்தான் புள்ளி விழும். அவ்வளவு சின்ன வில்லிலிருந்து மையத்தைக் கணக்கிடும்போது புள்ளிகளில் உள்ள லேசான தடுமாற்றம்கூட அச்சைத் தள்ளிவிடும். பாதி வட்டத்துக்கு மேல் புள்ளி வேண்டும், முழு வட்டம் கிடைத்தால் நல்லது. இடம் இல்லாமல் சுற்ற முடியவில்லையா? மைக்ரோமீட்டரில் வெளிவிட்டம் பார்த்து, அந்த எண்ணை சாஃப்ட்வேரில் பூட்டிவிட்டு உருளையைப் பொருத்தச் சொல்லுங்கள். டிராயிங்கில் உள்ள விட்டத்தைப் பூட்டாதீர்கள். உண்மையான விட்டம் வேறாக இருந்தால், புள்ளி விழுந்த பக்கமாகவோ எதிர்ப் பக்கமாகவோ அச்சு நகர்ந்துவிடும்.

எப்போதும் ஒரே அளவு கூடுதலாகவோ குறைவாகவோ வருகிறது

நிலையாக வரும் பிழை நல்ல அறிகுறி. காரணம் ஒன்றே ஒன்றாக இருக்கும், தேடினால் கிடைக்கும்.

முதல் சந்தேகம் பிசிறு. ரம்பத்தில் அறுத்தால் பல் வெளியேறும் பக்கத்தில் பிசிறு நிற்கும். தளம் பொருத்தும்போது அது முகத்தை அந்தப் பக்கம் தூக்கிவிடும். ரோலர் கட்டரில் வெட்டிய ட்யூபில் கதை வேறு: கட்டர் உலோகத்தை உள்ளே அழுத்திக்கொண்டு போவதால் முனைக்கருகே வெளிவிட்டம் சுருங்கியிருக்கும். உருளை பொருத்தும்போது முனையிலிருந்து 2, 3 மி.மீ. தூரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிசிறை அரத்தால் தேய்த்த பிறகு நகத்தால் தடவிப் பார்ப்பது பழைய வழக்கம்தான். இன்றைக்கும் அதைவிட வேகமான சோதனை இல்லை.

இரண்டாவது, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. "ஏனுங்ண்ணா, வெர்னியர்ல 0.4 கூட வருதுங்க, ஸ்கேனர் பொய் சொல்லுதுங்களா?" என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது: ரெண்டும் உண்மைதான் சொல்கின்றன. வெட்டு ஒரு டிகிரி சாய்ந்திருந்தால், 25.4 மி.மீ. ட்யூபில் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப் பக்கத்துக்கும் நீளத்தில் 0.44 மி.மீ. வித்தியாசம் இருக்கும். 50 மி.மீ. ட்யூபில் அதுவே 0.87 ஆகும். வெர்னியர் தாடை நீளமான பக்கத்தில் முட்டும். ஸ்கேனர் நடு அச்சில் அளக்கும். அதனால் ஒரு முனைக்கு அந்த வித்தியாசத்தில் பாதி குறையும், இரண்டு முனையும் சாய்ந்திருந்தால் முழுசாகவே குறையலாம். ட்யூபைச் சுற்றிச் சுற்றி வெர்னியரில் நான்கு இடம் பார்த்து சராசரி எடுங்கள், ஸ்கேனர் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இந்த இரண்டும் இல்லை என்றால்தான் ஸ்கேனிங் தலையைப் பார்க்க வேண்டும். தலையைக் கழற்றி மாட்டினால் மறுபடி தகுதிச் சோதனை (தலை சரியாக அளக்கிறதா என்று சரிபார்க்கும் ஓட்டம்) ஓட்டுவது கட்டாயம். மாட்டிய இடத்தில் ஒரு தூசி இருந்தாலும் நிலையான பிழை வரும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது இங்கே எந்த செட்டிலும் தூசிக்குப் பஞ்சமில்லை. லென்ஸையும் மூட்டு முகத்தையும் அதற்குரிய துணியால் துடைத்த பிறகே சோதனையை ஓட்டுங்கள்.

வெட்டு முகத்தில் புள்ளிகள் சிதறுகின்றன, ட்யூபுக்குள்ளே இல்லாத புள்ளிகள் தெரிகின்றன

எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ட்யூபிலும் பளபளப்பான அலுமினியத்திலும் இது வரும். லேசர் கோடு மேற்பரப்பில் பரவலாகச் சிதறித் திரும்பினால்தான் கேமரா அதன் இடத்தைச் சரியாகக் கணக்கிடும். பளபளப்பான முகம் கண்ணாடி மாதிரி ஒரே திசையில் திருப்பி அடிக்கும். கேமரா ஒன்று கூசிப்போகும், இல்லை எதையுமே பார்க்காது. துளைக்குள் போன ஒளியோ உள்சுவரில் முட்டி, அங்கிருந்து இன்னொரு சுவரில் முட்டித் திரும்பும். கேமரா அதையும் ஒரு புள்ளியாக நம்பிவிடும்.

முதலில் துளையை அடைத்துவிடுங்கள். கறுப்பு ஸ்பாஞ்சோ ரப்பரோ, முகத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால் பொய்ப்புள்ளி பெருமளவு நின்றுவிடும். அடுத்து, தலையை முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அச்சிலிருந்து 30 முதல் 45 டிகிரி சாய்த்து, முகமும் வெளிச்சுவரும் ஒன்றாகத் தெரியும்படி வைத்து, நான்கு பக்கமிருந்தும் ஓட்டுங்கள். தூரம் கருவியின் அளவு எல்லைக்கு நடுவில் இருக்கட்டும். எக்ஸ்போஷரைக் குறையுங்கள். திறந்த கதவு வழியாக வெயில் நேரே ட்யூப் மேல் விழுந்தாலும், பக்கத்தில் வெல்டிங் அடித்தாலும் இதே சிதறல்தான் வரும். ஒரு தட்டியை மறைப்பாக வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் அடங்காவிட்டால் வெள்ளை டெவலப்பர் ஸ்ப்ரே. வெல்டிங் விரிசல் பார்க்கும் டை டெஸ்ட் கிட்டில் வரும் அதே ஸ்ப்ரேதான். தூரத்திலிருந்து மெல்லிய மூடுபனி போல ஒரு தடவை, அதற்கு மேல் வேண்டாம். தடிமனாக அடித்தால் மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு கூடும், இரண்டு முனைக்கும் சேர்த்து இரட்டிப்பாகும். எஸ்எஸ் ட்யூபுக்குக் குளோரின் குறைவான வகை என்று பார்த்து வாங்குங்கள். ஹைட்ராலிக் லைனுக்குப் போகும் ட்யூப் என்றால், துளையை அடைத்த பிறகே ஸ்ப்ரே. திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டியில் ஏறப்போகும் லைனுக்குள் ஒரு சிட்டிகை ஸ்ப்ரே மாவு இருந்தாலும் அது நேரே வால்வுக்குத்தான் போகும். அளந்து முடித்ததும் துடைத்து, காற்றடித்து, இன்னொருவர் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு அனுப்புங்கள்.

பளபளப்பான ட்யூப் எதிரொளிக்கும் லேசரும் லேசர்தான். கருவியில் ஒட்டியிருக்கும் வகுப்பு எண்ணைப் படியுங்கள். வகுப்பு 2 என்றாலும் கோட்டை உற்றுப் பார்க்கக் கூடாது.

சுவர் மெல்லியது, முகத்தில் புள்ளியே தேறவில்லை

இதற்கு நான் அதிகம் இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் சோர்ந்துபோய் டேப்புக்குத் திரும்புகிறார்கள்.

லேசர் கோட்டின் பாதி அகலம் விளிம்பின் மேலும் பாதி வெளியேயும் விழும்போது, கேமரா பார்ப்பது அரைகுறைக் கோடு. அதன் நடுவை எடுத்தால் புள்ளி சற்று நகர்ந்துதான் இருக்கும். எல்லா லேசர் ஸ்கேனருக்கும் விளிம்பில் இந்தக் குணம் உண்டு. சுவர் 3 மி.மீ. என்றால் இரண்டு விளிம்பிலும் 0.2 மி.மீ. ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியில் தளம் பொருத்தலாம். சுவர் 1 மி.மீ. என்றால் மிஞ்சுவது 0.6 தான். அதற்கும் மெல்லிதாகப் போனால் முகம் என்று ஒன்று இல்லை, எல்லாமே விளிம்பு.

சிலர் இங்கே தொடு ப்ரோபுக்கு (நுனியில் குண்டு வைத்து, தொட்டு அளக்கும் கருவி) மாறுவார்கள். நல்ல யோசனை, ஆனால் ப்ரோபின் குண்டு சுவரைவிடப் பெரியது என்பதை மறக்கக் கூடாது. 6 மி.மீ. குண்டின் நடு, விளிம்புக்கு வெளியே அரை மி.மீ. தள்ளிப் போனால் பிழை 0.04 மி.மீ. தான், 1 மி.மீ. தள்ளினால் 0.17 ஆகிவிடும். கை நடுங்கினால் அவ்வளவு தள்ளும்.

எனக்குப் பிடித்த வழி எளிமையானது. சர்ஃபேஸ் கிரைண்டரில் இரண்டு பக்கமும் இணையாக எடுத்த, 5 மி.மீ. தடிமனுள்ள ஒரு தகட்டை ட்யூப் முகத்தில் ஒட்டி வைத்து, தகட்டின் வெளிமுகத்தை ஸ்கேன் செய்யுங்கள். மைக்ரோமீட்டரில் பார்த்த தடிமனைத் தளத்திலிருந்து கழித்துவிடுங்கள். முகம் அகலமாக இருப்பதால் ஆயிரக்கணக்கில் புள்ளி கிடைக்கும், விளிம்புத் தொல்லை இல்லை. தகட்டின் வெளிமுகத்தைக் கெமிக்கல் பிளாக்கனிங் செய்து மங்கலாக்கிவிட்டால் ஸ்ப்ரேயும் வேண்டாம். இரும்பு ட்யூபுக்குச் சின்னக் காந்தம் பிடித்துக்கொள்ளும். எஸ்எஸ், அலுமினியம் என்றால் துளைக்குள் நுழைந்து விரியும் ரப்பர் பிடிப்பு ஒன்று செய்ய வேண்டும்.

தகடு முகத்தின் உயர்ந்த இடங்களில்தான் உட்காரும். பிசிறு இருந்தால் பிசிறின் மேல் உட்காரும். ஆகவே பிசிறு நீக்காமல் இந்த வழிக்கு வரவே கூடாது. நீக்கிவிட்டால், தகடு உட்காரும் விதம்தான் நாளைக்கு ஃபிளாஞ்சும் (முனையில் பொருத்தும் இணைப்பு வளையம்) உட்காரப்போகும் விதம். பொருத்தப்படும் ட்யூபுக்கு இதைவிட நேர்மையான அளவு கிடைக்காது என்பது என் எண்ணம்.

வெல்டிங்குக்காகச் சாய்வு எடுத்த முனைக்கும் இதே தகடு வழி பொருந்தும். தகடு இல்லாமல் ஸ்கேன் செய்தால் சாய்வில் விழுந்த புள்ளிகளைக் கையால் நீக்குங்கள். சாஃப்ட்வேருக்குத் தானாக அது தெரியாது.

முனை சரி, முந்தைய நேர்ப்பகுதியின் நீளம் தவறு

இந்த அறிகுறியைக் கண்டால் யாரும் முனையைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் முனைதான்.

வளைவுக்குப் பிறகு 12 மி.மீ. நேர்ப்பகுதி மட்டும் மிஞ்சும் ட்யூபை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவை ஒட்டிய இடத்தையும் வெட்டு விளிம்பையும் ஒதுக்கினால் உருளை பொருத்தக் கிடைப்பது 8 மி.மீ. அந்த 8 மி.மீ.யின் ஒரு கோடியில் 0.03 மேலும், மறு கோடியில் 0.03 கீழும் அச்சு தவறினால் சாய்வு 0.43 டிகிரி. முனைப் புள்ளி அந்த உருளைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் சாஃப்ட்வேர் அந்த அச்சைப் பின்னால் நீட்டி, முந்தைய அச்சோடு வெட்டும் புள்ளியைத் தேடும். நடுக்கோட்டு ஆரம் 50 மி.மீ., வளைவு 90 டிகிரி என்றால் அந்தப் புள்ளி 55 மி.மீ. தூரத்தில் இருக்கும். அங்கே பிழை 0.4 மி.மீ. ஆகப் பெருகி, முந்தைய நேர்ப்பகுதியின் நீளத்தில் போய் உட்காரும். கூடவே கடைசி வளைவின் கோணமும் அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தவறும். அதைப் பார்த்து பெண்டிங் மெஷினில் திருத்தம் போட்டால் நல்ல ட்யூப் கெட்டுவிடும்.

வெளிவிட்டத்தைப் பூட்டி, முழு வட்டமும் ஸ்கேன் செய்வது முதல் மருந்து. போதாவிட்டால், லேத்தில் கடைந்த ஒரு தண்டைத் துளைக்குள் செருகி, வெளியே நீளும் பகுதியை உருளையாக அளக்கலாம், 8 மி.மீ.க்குப் பதில் 60 மி.மீ. அச்சு கிடைக்கும். ஈஆர்டபிள்யூ ட்யூபாக (தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் வெல்டிங் செய்தது) இருந்தால் உள்ளே வெல்டிங் வரப்பு ஓடும், தண்டு அதில் முட்டிச் சாய்ந்துவிடும். தண்டின் நீளவாக்கில் ஒரு பள்ளம் எடுத்து, வரப்பு அதற்குள் போகும்படி செருகுங்கள். தண்டு தளர்வாக ஆடினால் இந்த வழியால் பலன் இல்லை.

ஒரு முனையில் 2 மி.மீ. கூடுதல் என்று தெரியும், அறிக்கையோ இரண்டு முனையிலும் 1 மி.மீ. என்கிறது

இது ஒப்பிடும் முறையின் வேலை. சாஃப்ட்வேர் அளந்த ட்யூபை டிராயிங் ட்யூபின் மேல் ஒட்டுமொத்தமாகப் பொருத்தும்போது பிழையை எல்லா இடத்துக்கும் பங்கிட்டுவிடும். நேர் ட்யூபில் பாதிப் பாதியாக வரும். வளைவுள்ள ட்யூபில் வளைவுப் புள்ளிகளும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப்போகும். முனைகளை விலக்கிவிட்டு வளைவுகளை மட்டும் வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். டிராயிங்கில் ஒரு ஃபிளாஞ்ச் முகமே ஆதாரம் என்றிருந்தால் அந்த முனையைப் பூஜ்யமாகப் பிடியுங்கள்.

காலையில் சரியாக வந்தது மதியம் தவறுகிறது

அளவீட்டு உலகின் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. சித்திரை மதியத்தில் தகரக் கூரை செட்டுக்குள் 36 டிகிரி என்றால், ஒரு மீட்டர் சாதா எஃகு ட்யூப் சுமார் 0.19 மி.மீ. நீளும், எஸ்எஸ் 304 சுமார் 0.27, அலுமினியம் சுமார் 0.37. இப்போதுதான் வெல்டிங் முடிந்து வந்த ட்யூபைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ட்யூபும் ஆர்மும் ஒரே அறையில் சில மணி நேரம் இருக்கட்டும். சாஃப்ட்வேரில் வெப்பநிலைத் திருத்தம் இருந்தால் ட்யூபின் உலோகத்தையும் அதன் உண்மையான சூட்டையும் கொடுங்கள். ஆர்மை ஓட விட்டு, கையேடு சொல்லும் நேரம் வரை சூடேற விடாமல் முதல் பீஸை அளந்தாலும் இதே போல நழுவும்.

மாஸ்டர் பீஸே தவறுகிறது

தலையை இறுக்கி, சுத்தம் செய்து, தகுதிச் சோதனை ஓட்டி, திரும்ப அளந்தும் மாஸ்டர் தவறினால் ஆர்ம் எங்காவது இடிபட்டிருக்கலாம். தொடு ப்ரோபால் அதே மாஸ்டரை அளந்து பாருங்கள். ப்ரோப் சரி, லேசர் தவறு என்றால் ஸ்கேனிங் தலை. இரண்டும் தவறினால் ஆர்மின் மூட்டுகள். இரண்டுக்கும் தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆள்தான் வர வேண்டும். அதற்கு முன் மாஸ்டரின் நீளத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கோவையிலேயே சிடார்க் போன்ற சோதனைக் கூடங்கள் இருக்கின்றன.

கரூரில் பஸ் பாடி கட்டும் நண்பர்கள் கையடக்க லேசர் தூரமானியில் இதைச் செய்யலாமா என்று கேட்பதுண்டு. அந்தக் கருவிகளின் துல்லியம் பொதுவாக 1.5 முதல் 2 மி.மீ. வரை. கூரைக்கான ட்யூப் நீளம் பார்க்கப் போதும், மேலே சொன்ன வேலைக்கு ஆகாது.

அறிக்கை எல்லாம் பச்சை, வெல்டிங்கில் இடைவெளி விழுகிறது

அறிக்கையில் முனைப் புள்ளி மட்டும் இருந்திருக்கும், முகத்தின் சாய்வு இருந்திருக்காது. அச்சில் நீளம் மிகச் சரியாக இருந்தாலும், 50 மி.மீ. ட்யூபில் ஒரு டிகிரி சாய்வு ஒரு பக்கம் 0.87 மி.மீ. வாயைத் திறந்துவிடும். தளத்துக்கும் அச்சுக்கும் உள்ள கோணத்தை சாஃப்ட்வேர் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருக்கிறது. அதையும் அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்து, வெல்டரிடம் எவ்வளவு இடைவெளி வரை அவரால் நிரப்ப முடியும் என்று கேட்டு, அந்த எண்ணிலிருந்து கோணத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். எல்லையைத் தாண்டினால் ரம்பத்தின் பிளேடையும் வைஸ் பிடிப்பையும் போய்ப் பாருங்கள்.